மொட்டைத் தலையும் மூன்றாம் மணியும்

முதல் மணி அடித்தாயிற்று. மணியடிக்கிற கோயில்பிள்ளை சாலமோன் கயிற்றை விட மனசில்லாமல் இழுக்கிறான், வேப்பமரத்துக் காக்காய்களெல்லாம் எழும்பிப் பறக்கிற மாதிரி. இன்னும் இரண்டு மணி அடிக்க வேண்டும். மூன்றாவது ஓய்வதற்குள் நான் கோயிலுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு வேதப் பாடம் வாசிக்கிறவள் நான். போன வாரமே ஐயர் ஆராதனை அறிவிப்பில் சொல்லிவிட்டார், எங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் நாங்கள் சொல்லுவோம், அடுத்த ஞாயிறு, முதலாம் பாடம் லீலாபாய் அம்மாள் என்று. லீலாபாய் அம்மாள் இப்போது பாவாடையும் ரவிக்கையுமாகப் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள், தலையில் ஒரு முடி இல்லாமல். ஒரு முடி இல்லாமல் என்று சொன்னால் பொய். காதுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைக்கு இருப்பது போலக் கொஞ்சம் பஞ்சு முளைத்திருக்கிறது, விரலால் தடவினால்தான் தெரியும், நான் நாளெல்லாம் தடவிக்கொண்டே இருக்கிறேன். ரவிக்கையில் இடது பக்கம் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறது. அதை என்னவென்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அது வெளியே தெரியாது. தையல்காரி எப்சியிடம் நானே சொல்லித் தைத்தேன், ரவிக்கை ஒரு பக்கம் தொங்கினால் எனக்கே பிடிக்காது, அது என் இஷ்டம். தலை யாருடைய இஷ்டம் என்பதுதான் நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த வீட்டில் நடக்கிற வழக்கு. கட்டிலில் மூன்று சேலை விரித்துக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் டோப்பா. பையின் வாய் திறந்திருக்கிறது. கொஞ்சம் முடி வெளியே எட்டிப் பார்க்கிறது. மூடி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன், கை போகமாட்டேன் என்கிறது.

வைலட் அக்கா கொண்டு வந்தது. பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் செயலாளர், ஊரில் ஒரு சாவு, ஒரு பூப்பு, ஒரு நிச்சயம் அவள் இல்லாமல் நடக்காது. நல்லவள், அதில் சந்தேகமே இல்லை, நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினம் ஒரு தூக்குச்சட்டியில் ரசம் கொடுத்தனுப்பினாள், அந்த ரசத்தின் மிளகு வாசனைக்கு மட்டும்தான் எனக்கு அப்போது குமட்டாது. அதனால்தான் அவளோடு சண்டை போடுவது கஷ்டமாக இருக்கிறது. ரசத்தைக் குடித்த வாயால் எப்படிப் பேசுவது. நேற்று வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நாங்க எல்லாரும் சேந்து வாங்குனது லீலா, தப்பா நினைக்கக் கூடாது" என்றாள். பையைத் திறந்து பார்த்தேன். கன்னங்கரேல் என்று, காலேஜ் போகிற பிள்ளைக்கு இருக்கிற மாதிரி. "எக்கா, எனக்கு இருந்த முடியே இவ்வளவு கெடையாதே, இத வச்சா எம்மவனுக்கே என்னைய அடையாளம் தெரியாதே" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஆண்டவர் சமூகத்துக்கு வாறோம்லா. அதுக்குன்னு ஒரு மரியாத வேண்டாமா? பொம்பள மொட்டத் தலையோட மேல ஏறி நின்னா, கீழ இருக்கவுகளுக்கு ஜெபத்துல மனசு நிக்குமா, சொல்லு. அன்னைக்கு முக்காடு நழுவுனப்போ சின்னப் பிள்ளைய எல்லாம் பயந்துட்டுல்லா." பிள்ளைகள் பயப்படவில்லை. முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு டேனியின் மகள் வாயைப் பிளந்து பார்த்தாள், அவ்வளவுதான், நான் கண்ணடித்தேன், அவளும் இரண்டு கண்ணையும் சேர்த்து அடித்தாள். "இத வச்சிக்கோ. இல்லன்னா ஒரு ஆறு மாசம் பொறு, முடி வளரட்டும். அதுவரைக்கும் ஒம் பாடத்த நம்ம பியூலா வாசிப்பா. நான் ஐயர்ட்ட பேசிட்டேன்." பேசிவிட்டாளாம். ஆறு மாசமாம். எனக்கு ஆறு மாசம் இருக்கிறது என்று இவளுக்கு யார் சொன்னது.

அதைத்தான் யோசிக்கக் கூடாது. சேலையை யோசிப்போம். அன்றைக்கு நழுவியது மைசூர் சில்க், தப்பு முழுக்க என்னுடையது. முக்காடு தலையில் நிற்பது துணியால் இல்லை, கொண்டையால் என்பது கொண்டை போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷமும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டால் அது பாட்டுக்கு நிற்கும், கொண்டை பின்னால் இருந்து பிடித்துக்கொள்ளும், காற்றடித்தால் ஒரு கொண்டை ஊசி. இப்போது ஊசியை எதில் குத்துவது. சிகிச்சையெல்லாம் முடிந்து முதல் தடவை கோயிலுக்குப் போகிறோமே என்று ஆசையாக மைசூர் சில்க்கை எடுத்தேன், முழங்காலில் நின்று தலையைக் குனிந்த உடனே அது வழுக்கிக்கொண்டு போய்த் தோளில் விழுந்தது. எனக்கு முதலில் தெரிந்தது குளிர்ச்சி. மேலே ஓடிய ஃபேன் காற்று நேரே தலையில் இறங்கியது. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகிறேன், அந்தக் காற்று ஒரு நாளும் என் தலையைத் தொட்டதில்லை. என்ன சுகம் என்று நினைப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து வைலட் அக்கா எழுந்து ஓடிவந்து முந்தானையை இழுத்து என் காதோடு சேர்த்து ஒரு ஊக்கைக் குத்தினாள். கம்மலில் மாட்டிக் காது இழுத்து வலித்தது. ஜெபம் முடிகிறவரை வலித்தது. ஆண்டவரே என்று சொல்ல வாயெடுத்தால் காது என்றுதான் மனசில் வருகிறது. நான் முக்காட்டுக்கு எதிரி இல்லை. எனக்கு அது பிடிக்கும். மற்றவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு நானும் ஆண்டவரும் மட்டும் இருப்பதற்கு ஒரு சின்னக் கூடாரம் அது. பெண் முக்காடு இல்லாமல் ஜெபிப்பது சிரைத்த தலையோடு நிற்பதற்குச் சமம் என்று வேதத்தில் இருக்கிறதாம், ஐயர் ஒருமுறை அதை வைத்து முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். இப்போது யோசித்தால், ஏற்கெனவே சிரைத்தவள் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. ஆண்டவர் நம் தலைமுடியெல்லாம் எண்ணி வைத்திருக்கிறார் என்றும் சொல்வார்கள். என் கணக்கைப் பார்க்க இப்போது அவருக்கு ரொம்ப லேசு. சுங்குடிச் சேலை வழுக்காது, பருத்தி, தலையைப் பிடித்துக்கொள்ளும். மாம்பழ நிறத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி, மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. அதை எடுத்துத் தலையில் போட்டுப் பார்க்கிறேன். நிற்கிறது. அசையாமல் நிற்கிறது. ஆக, சுங்குடி கட்டினால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது, வைலட் அக்காவுக்கும் சந்தோஷம், ஐயருக்கும் சந்தோஷம், பாடமும் எனக்கே. பிறகு ஏன் எனக்கு மூச்சு முட்டுகிறது.

மூச்சு முட்டுவது டோப்பாவால்தான். முக்காடு போட்டாலும் உள்ளே அது இருக்க வேண்டும் என்கிறார்களே, நழுவினாலும் முடி தெரிய வேண்டுமாம். நேற்றே ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். முதலில் சூடு, பிறகு அரிப்பு, பிறகு ஒரு வாசனை. யாருடைய வாசனை. பையில் ஒரு அட்டை கிடந்தது, அசல் பெண் முடி என்று போட்டிருக்கிறது. எந்தப் பெண் என்று போடவில்லை. உடனே எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது. கடைசி ஊசி போட்டுவிட்டு வருகிறேன், என் வீட்டுக்காரர் பின்னால் ஆண்கள் பக்கம் நிற்கிறார், தலையில் கட்டியிருந்த துண்டு வேர்த்து ஒழுகுகிறது என்று அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, கையில் பூக்கூடை, நெற்றி நிறையத் திருநீறு, என் தலையை ஆசையாகப் பார்த்தாள். "எந்தக் கோயில்ல முடி எறக்குனிய? திருச்செந்தூரா?" என்றாள். எங்கள் ஊரில் இதைவிட ஒரு அவமானம் கிடையாது, கிறிஸ்தவப் பொம்பளை மொட்டை போட்டால் ஊர் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான், ரகசியமாகப் போய் வேறு சாமிக்கு நேர்ந்துவிட்டு வந்துவிட்டாளோ என்று. நோயைக்கூட மன்னித்துவிடுவார்கள். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. "ஆஸ்பத்திரிக் கோயில்ல" என்றேன். அந்த அம்மாவுக்கு உடனே புரிந்தது. கையை நீட்டி என் தலையில் உள்ளங்கையை வைத்தாள். ஐயர் வைக்கிற மாதிரி இல்லை, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "நான் எங்க வீட்டாளு பொழைக்கணும்னு எறக்குனேன். பொழைச்சிட்டாரு. முடி கெடக்கு, அது வளரும்" என்றாள். அவள் இறக்கியது எங்கே போயிற்று. குப்பையிலா போடுவார்கள். மூட்டை கட்டி, கழுவி, தைத்து, அட்டை போட்டு, இப்படி ஒரு பையில் ஒரு கட்டிலில் வந்து கிடக்கும். இது அவளுடையதாகவே இருக்கலாம். இல்லாவிட்டால் அவளைப் போல இன்னொருத்தி, புருஷனுக்கோ பிள்ளைக்கோ உயிர்ப் பிச்சை கேட்டு, தன் சாமிக்கு முன்னால் உட்கார்ந்து குனிந்து கொடுத்தது. அவள் மொட்டைத் தலையோடு வீதியில் நடந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பாள், ஒரு கூச்சம் இல்லாமல். அவள் கொடுத்த முடியை நான் மாட்டிக்கொண்டு போய் என் சாமிக்கு முன்னால் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்க வேண்டுமா. மாட்டேன். அவள் கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும். நான் ஒன்றும் கொடுக்கவில்லை, என்னிடமிருந்து பிடுங்கினார்கள், தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது, குளியலறைச் சாக்கடையை அடைத்தது, அதுவும் நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும்.

இரண்டாம் மணி. இதைச் சாலமோன் சின்னதாகத்தான் அடிப்பான். "ஏட்டி, மணி அடிச்சாச்சு" என்று முன்னறையிலிருந்து குரல் வருகிறது. என் வீட்டுக்காரர் துரைசிங், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, விடியற்காலமே உடுத்தி உட்கார்ந்துவிடுவார். அவருக்கு உடை ஒரு யோசனையே இல்லை. அவர் தலை எனக்குத் தெரிந்து இளவயசிலேயே வழுக்கை, ஞாயிறுதோறும் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் பளபளவென்று இருக்கும், சாயங்கால ஆராதனையில் விளக்கு வெளிச்சம் அதில் தெரியும். ஒரு பிள்ளையும் பயந்ததில்லை. ஒருவர் ஜெபமும் அதனால் கெட்டதில்லை. கோபமாக இருக்கிறது. ஆனால் அவர்மேல் கோபம் அதற்காக இல்லை. என் தலையை அவர் பார்ப்பதில்லை. முடி போனதிலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பேசும்போது கண் என் மூக்கில் நிற்கும், இல்லாவிட்டால் சுவரில் கடிகாரத்தில். மருந்து எடுத்துத் தருகிறார், கால் பிடித்து விடுகிறார், வாந்தி எடுத்தால் ஏந்துகிறார், தலைக்கு மட்டும் வருவதில்லை. முதலில் அருவருப்பு என்று நினைத்து அழுதேன். இல்லை. பயம். தலையைப் பார்த்தால் மற்றதையெல்லாம் பார்த்த மாதிரி ஆகிவிடும். வியாழக்கிழமை ஸ்கேன் இருக்கிறது, திரும்ப வந்திருக்கிறதா இல்லையா என்று அன்றைக்குச் சொல்வார்கள், அதைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. வியாழன் என்ற நாளே இல்லாத மாதிரி புதனுக்கு மறுநாள் வெள்ளி என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கும் பயம்தான். பயம் வயிற்றில் ஆரம்பித்துத் தலைக்கு ஏறுகிறது, முடி இருந்தால் அங்கே நின்றுவிடுமோ என்னவோ, இப்போது நேராக வெளியே வந்து நிற்கிறது. வந்திருந்தால் என்ன. வந்திருந்தால் சவப்பெட்டி. பெட்டியில் வைக்கும்போது வெள்ளையில் கவுன் மாதிரி ஒன்று தைத்துப் போடுவார்கள், கையுறை, காலுறை, தலையில் ஜரிகை வைத்து ஒரு வலை. வைலட் அக்காதான் போடுவாள், எல்லாருக்கும் அவள்தான், வாய் பிளக்காமல் நாடியைக் கட்டி முகத்துக்குப் பவுடர் பூசி, எவ்வளவு அழகா இருக்கா பாரு என்று அழுவாள். அப்போது அந்த டோப்பாவையும் வைத்துவிடுவாள், நிச்சயம் வைப்பாள். வைக்கட்டும். அன்றைக்கு நான் கோயிலுக்கு என்ன உடுத்திப் போக வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். இன்றைக்கு நடந்து போகிறேன். நடந்து போகிறவள் நான்தான் தீர்மானிப்பேன்.

சுங்குடியைக் கட்டுகிறேன். கொசுவம் ஒரே மடிப்பில் நன்றாக விழுகிறது, நல்ல சகுனம் என்று சொல்லக் கூடாது, நன்றாக விழுகிறது அவ்வளவுதான். முந்தானையைத் தோளில் ஊக்குப் போட்டு இறுக்குகிறேன், தலைக்கு எட்டாதபடி, இன்றைக்கு முக்காடு போட்டால் அது கூடாரம் இல்லை, மூடி. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தேய்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைக்காமல் நான் கோயிலுக்குப் போனதில்லை. டோப்பாவைப் பைக்குள் நன்றாகத் தள்ளி, வாயை முடிச்சுப் போட்டு, பீரோவுக்குள் மடித்த சேலைக்கு மேல் மரியாதையாக வைக்கிறேன். யாருடையதோ. வெளியே வந்தால் அவர் எழுந்து நின்று என் தாலிச் சங்கிலியைப் பார்க்கிறார். "ஒரு துண்டாவது கட்டிட்டு வா." "ஒங்க தலைக்கு யாரு துண்டு கட்டுனா?" "நான் ஆம்பளட்டி." "அதான் தெரியுமே." "ஊரு என்ன சொல்லும்?" "ஊரு சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன சொல்லுதிய? என் தலையப் பாத்துச் சொல்லுங்க." அவர் செருப்பைத் தேடுகிறார். செருப்பு காலில்தான் இருக்கிறது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது, ஒரு அறை விட வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டையும் செய்யாமல் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறேன். அவர் பின்னால் வருகிறார், கொஞ்சம் தள்ளி. வெயில் அதற்குள் ஏறிவிட்டது, தேரிச் செம்மணல் சூடு கீழே, தலையில் வெயில் நேராக, கையை வைத்தது போல. தெருக் குழாயில் நின்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். ஸ்தோத்திரம் என்கிறேன், சத்தமாக. ஸ்தோத்திரம்க்கா என்று ஒருத்தி சொல்லிவிட்டுக் குடத்தைப் பார்க்கிறாள். வேதப்புத்தகத்தைக் கை மாற்றிக்கொண்டு நடக்கிறேன். நடந்தால் போதும்.

மூன்றாம் மணி என் தலைக்கு மேலேயே அடிக்கிறது. சாலமோன் என்னைப் பார்த்தபடியே கயிற்றை இழுத்ததில் ஒரு அடி கூடிப்போயிற்று. பெண்கள் பக்கம் முக்காடு முக்காடாகத் திரும்புகிறது, வைலட் அக்காவின் பட்டு முக்காடு எல்லாவற்றுக்கும் முன்னால். பியூலா மடியில் பாடத்தைப் பிரித்து வைத்திருக்கிறாள், பாவம், அவளை நன்றாகத் தயார்ப்படுத்தியிருக்கிறார்கள். பாட்டு முடிகிறது. ஐயர் என்னைப் பார்க்கிறார், பியூலாவைப் பார்க்கிறார், பிறகு கையில் இருக்கிற தாளைப் பார்க்கிறார், முதல் பாடம் என்று மட்டும் சொல்கிறார், பெயர் சொல்லவில்லை. இரண்டு பேரும் எழுந்தோம். பியூலா என் தலையைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏறி மேசையில் புத்தகத்தைப் பிரிக்கிறேன். ஃபேன் காற்று இறங்குகிறது. வந்தாயா என்று காற்றைக் கேட்கிறேன். வைலட் அக்கா தன் முக்காட்டை இழுத்து இழுத்து எனக்குச் சைகை காட்டுகிறாள், அவள் கண்ணில் தண்ணீர், உண்மையான தண்ணீர், எனக்காக வெட்கப்படுகிறாள். ரசத்தின் மிளகு வாசனை வருகிறது. வாசிக்கிறேன். முதல் வசனம் எனக்கு மட்டும்தான் கேட்கிறது, இரண்டாவது முன்வரிசைக்குப் போகிறது, மூன்றாவதுக்கு என் பழைய குரல் வந்துவிட்டது, கடைசிப் பெஞ்சுவரை மைக் இல்லாமல் போகிற குரல், அது மட்டும் எங்கேயும் உதிரவில்லை. முடிந்தது. எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, பாடம் முடிந்து வாசித்தவர் இது கர்த்தருடைய வார்த்தை என்று சொல்ல வேண்டும், சபை தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று பதில் சொல்ல வேண்டும், பதில் வந்த பிறகுதான் வாசித்தவர் இறங்க வேண்டும். ஒருமுறை சபை அசந்துவிட்டபோது அன்றைக்குப் பாடம் வாசித்த தாவீது வாத்தியார் செருமிக்கொண்டு நின்றே இருந்தார். இது கர்த்தருடைய வார்த்தை என்கிறேன். ஒன்றும் வரவில்லை. ஃபேன் சத்தம். ஒரு குழந்தை சிணுங்குகிறது. எல்லார் கண்ணும் என் தலையில் இருக்கிறது, வாய்தான் திறக்கவில்லை. ஐயர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல மைக்கை நெருங்குகிறார், நான் அவர் பக்கம் கையை உயர்த்துகிறேன், பொறுங்கள் என்று. மறுபடியும் சொல்கிறேன். இது கர்த்தருடைய வார்த்தை. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருகிறது, பாடம் என்றாலே தூங்கிவிடுகிற மனுஷன், ஒருநாளும் வாய்விட்டுப் பதில் சொல்லாதவர், உடைந்த குரலில், தேவனுக்கு ஸ்தோத்திரம். நிமிர்ந்து பார்க்கிறேன். என் மூக்கைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. தலையைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார், கண் நிறைந்து வழிகிறது, துடைக்காமல் பார்க்கிறார். எனக்கும் கண் மறைக்கிறது. ஆனாலும் ஒரு ஆள் சொன்னால் அது சபை ஆகாது. மேசையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறேன். மூன்றாம் தடவை சொல்கிறேன், இன்னும் சத்தமாக, வைலட் அக்காவைப் பார்த்து. சொல்லட்டும். எல்லாரும் சொல்லட்டும், பிறகு இறங்குகிறேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை, வியாழக்கிழமை வரைக்கும் வேறு வேலை கிடையாது.